முதல் பக்கத்திலேயே செத்துப்போன காதலன்

ஜப்பானிய அனிமேவில் இளைஞர்கள் இருவர் காதலிப்பது என்றதும் நிறைய பேர் ‘யூரி ஆன் ஐஸ்’ (2016) தொடரைத்தான் சொல்கிறார்கள். ஐஸ் ஸ்கேட்டிங், பார்சிலோனா, மோதிரம்... எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கதைகளின் வேர் அங்கே இல்லை. இன்னும் 45 வருடம் பின்னால், டோக்கியோவில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறது. அந்த வேரில் இருப்பதும் கைகூடிய காதல் இல்லை, ஒருதலைக் காதல். சொல்லியும் ஏற்கப்படாதது, சொல்லாமலே போனது, சொன்னவன் இறந்த பிறகு புரிந்தது. இந்த ஒருதலைக் காதலன் கடைசியில் என்ன ஆகிறான் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே ஐம்பது வருடக் கதை ஓரளவு பிடிபட்டுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே முயற்சி செய்திருக்கிறேன்.

(முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.)

1970-ன் கடைசி. டோக்கியோவின் நெரிமா பகுதியில் ஓய்சுமி என்ற இடம். மாங்கா வரையும் இளம்பெண்கள் இருவர், மோட்டோ ஹாகியோவும் கெய்கோ தாகெமியாவும், சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். இருவருக்கும் இருபது, இருபத்தொரு வயசு. பக்கத்திலேயே நோரியே மசுயாமா என்ற தோழி. இவர் படம் வரைபவர் இல்லை. ஆனால் ஐரோப்பிய நாவல், இசை, சினிமா என்று ஊறிப்போனவர். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்களை மற்ற இருவர் கையிலும் திணித்தது இவர்தான். அந்தச் சமயத்தில் ழான் தெலன்வா இயக்கிய 1964-ம் வருடத்து பிரெஞ்சுப் படம் ஒன்றையும் பார்க்கிறார்கள். கத்தோலிக்க விடுதிப் பள்ளி, இரண்டு மாணவர்களின் நேசம், பாதிரியார்களின் கண்டிப்பு, கடைசியில் ஒருவனின் மரணம்.

இங்கே ஒரு கேள்வி வரும். பெண்கள், அதுவும் பெண்பிள்ளைகள் வாங்கிப் படிக்கும் பத்திரிகையில், ஏன் பையன்களின் காதலை வரைய வேண்டும்? ஹாகியோ இதற்குச் சொன்ன பதில் சுவாரஸ்யமானது. ‘நவம்பர் ஜிம்னேஸியம்’ (1971) என்ற சிறுகதையை, பெண்கள் பள்ளியில் நடப்பதாகவும் முதலில் யோசித்துப் பார்த்தாராம். ஒட்டவே இல்லையாம். பையன்கள் என்று மாற்றியதும் கதை தானாக ஓட ஆரம்பித்ததாம். அன்றைய பெண்கள் மாங்காவில் கதாநாயகி என்றால் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும், கண்ணீர் விட வேண்டும், அடக்கமாக இருக்க வேண்டும். பையன் பாத்திரத்துக்கு அந்தச் சுமை இல்லை. படிக்கிற பெண் அவனுக்குள் புகுந்துகொண்டு ஆசைப்படலாம், கோபப்படலாம், தன் காதலைத் தானே போய்ச் சொல்லலாம். ஐரோப்பா, பழைய காலம் என்ற தூரமும் ஒரு வசதியான திரை.

சரி, தலைப்புக்கு வருவோம். ஹாகியோவின் ‘தோமா நோ ஷின்ஸோ’ (தாமஸின் இதயம்) 1974-ல் ‘ஷோஜோ காமிக்’ வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஜெர்மனியில் ஓர் ஆண்கள் விடுதிப் பள்ளி. கதை ஆரம்பிக்கும்போதே தாமஸ் என்ற மாணவன் பாலத்திலிருந்து விழுந்து இறந்துபோகிறான். எல்லோரும் விபத்து என்று நினைக்கிறார்கள். யூலி என்ற மூத்த மாணவனுக்கு மட்டும் தாமஸ் எழுதிய கடிதம் வந்து சேர்கிறது. தாமஸ் யூலியைக் காதலித்தான், யூலி அவனை எல்லோர் முன்னாலும் உதறித் தள்ளினான். அடுத்து தாமஸின் முகத்தையே கொண்ட எரிக் என்ற புதுப் பையன் பள்ளிக்கு வந்து சேர்கிறான்.

யூலி தாமஸை வெறுத்ததால் உதறவில்லை என்பதுதான் கதையின் மையம். வேறொருவனால் பட்ட கொடுமையால், தனக்கு அன்பு பெறும் தகுதியே இல்லை என்று அவன் முடிவுகட்டியிருக்கிறான். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் பெரிய ஒருதலைக் காதலன் தாமஸ்கூட இல்லை, ஆஸ்கர்தான். யூலியின் அறைத்தோழன். எல்லாம் தெரிந்தும் வாயே திறக்காமல் பக்கத்தில் இருக்கிறவன். கடைசியில் யூலி பாதிரியாராகப் படிக்கப் பள்ளியை விட்டுப் போகிறான். யாருக்கும் யாரும் கிடைப்பதில்லை.

தொடர் ஆரம்பித்தபோது வாசகர் வாக்கெடுப்பில் கடைசி இடம். சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொன்னது பத்திரிகை. அந்த நேரம் பார்த்து ஹாகியோவின் ‘போ நோ இச்சிஸோகு’ புத்தகமாக வந்து சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தது. அதனால்தான் தாமஸ் பிழைத்தான் (பாவம், கதையில் இல்லை).

தாகெமியாவின் பாதை இதைவிடக் கரடு. ‘காஸெ தோ கி நோ உதா’ (காற்றும் மரமும் பாடும் பாட்டு) கதையை வெளியிட வைக்க அவர் பல வருடம் போராடினார். முதலில் பிரபலமானால்தான் கேட்பார்கள் என்று ‘ஃபாரோவின் கல்லறை’ என்ற சாகசத் தொடரை வரைந்து, அதன் வெற்றியைக் காட்டி 1976-ல் சாதித்தார். தொடர் 1984 வரை ஓடியது. 19-ம் நூற்றாண்டு பிரான்ஸ், செர்ஜ், ஜில்பெர் என்று இரண்டு மாணவர்கள். இங்கே காதல் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனாலும் ஜில்பெர் சாகத்தான் வேண்டும்.

இந்தக் கதைகள் உடனே அனிமேவாக மாறவில்லை. காரணம் எளிது. டிவி தொடருக்கு விளம்பரதாரர் வேண்டும், பொம்மை விற்க வேண்டும், சாயங்காலம் குடும்பமே உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1982-ல் வந்த ‘படாலிரோ!’ முந்திக்கொண்டது, ஆனால் எப்படி? நகைச்சுவையாக. அழகான இளைஞர்களைக் கண்டால் விடாத பிரிட்டிஷ் உளவாளி பாங்கோரன் அதில் ஒரு முக்கியப் பாத்திரம். சிரிக்க வைத்தால் டிவியில் விட்டுவிடுகிறார்கள், அழ வைத்தால்தான் பிரச்சினை போலும்!

வழி திறந்தது வீடியோ கேசட்டால். 1983-லிருந்து டிவியில் வராமல் நேரடியாகக் கேசட்டில் விற்கும் ஓவிஏ முறை வந்தது. விளம்பரதாரரும் வேண்டாம், சேனலும் வேண்டாம், வாங்குகிறவர் இருந்தால் போதும். 1987-ல் ‘காஸெ தோ கி நோ உதா’ ஒரு மணி நேர ஓவிஏ ஆனது. இயக்கியவர் யோஷிகாஸு யாசுஹிகோ, ‘கண்டம்’ ரோபோ தொடருக்குப் பாத்திரங்களை வரைந்து கொடுத்த அதே மனிதர். 1992-ல் மினாமி ஒஸாகியின் ‘ஸெத்சுஆய் 1989’ வந்தது. ஒஸாகி ‘கேப்டன் சுபாஸா’ கால்பந்துத் தொடரின் பையன்களை ஜோடி சேர்த்துக் கையெழுத்துப் பத்திரிகை போட்ட ரசிகைகள் கூட்டத்திலிருந்து வந்தவர். அதன் நாயகன் கோஜி ராக் பாடகன். பல வருடம் முன்பு மைதானத்தில் பார்த்த ஒரு முகத்தை, அந்தக் கண்களை, மறக்க முடியாமல் திரிகிறவன். பெண் என்று நினைத்திருந்தான். அது இஸுமி என்ற பையன் என்று தெரிந்த பிறகும் விட முடியவில்லை. சத்தமான, ரத்தமான படம். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் ஒருதலைக் காதலை இந்த அளவுக்கு ஒரு நோயாகவே காட்டிய வேறொன்றைப் பார்த்ததில்லை.

அதே 1992-ல் ஒரு சண்டை. ஒருபாலீர்ப்பு உரிமைகளுக்காக இயங்கிய மசாகி சாதோ, ‘ஷுவாஸிர்’ என்ற சிறிய பெண்ணியப் பத்திரிகையில் இந்த வகைக் கதைகளைக் கடுமையாகச் சாடினார். எங்களைப் போன்ற நிஜ ஆண்கள் உங்கள் கதைகளில் எங்கே, எங்களை வைத்து நீங்கள் பொழுது போக்குகிறீர்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். ரசிகைகள் சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் இது எங்கள் கற்பனை, ஒருபாலீர்ப்பு ஆண்களைப் பற்றியதே இல்லை என்றார்கள். இரண்டாவது பதில் எனக்குச் சமாதானமாக இல்லை. ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை, உன்னை மட்டும்தான் காதலிக்கிறேன்’ என்று நாயகன் சொல்வது அந்தக் காலக் கதைகளில் ஒரு வாய்ப்பாடு மாதிரி வந்துகொண்டே இருக்கும். காதலுக்குப் புகழ்மாலை, காதலிக்கிறவனின் இனத்துக்கு ஒரு தள்ளு. அந்த இனத்தைச் சேர்ந்த பையன் ஒருவன் உட்கார்ந்து பார்த்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்? சாதோ கேட்டது அதைத்தான்.

இனி ‘எவாஞ்சலியன்’. 24-வது பகுதி 1996 மார்ச்சில் ஒளிபரப்பானது. யாராலும் விரும்பப்படவில்லை என்று நம்பும் ஷிஞ்சியிடம் காவோரு என்ற புதியவன் வந்து பேசுகிறான், கையைப் பிடிக்கிறான், பிடித்திருக்கிறது என்கிறான். அதே பகுதி முடிவதற்குள் அவன் எதிரி என்று தெரிகிறது. தன்னைக் கொல்லச் சொல்லி அவனே கேட்கிறான். ராட்சத ரோபோவின் கையில் காவோரு, பின்னணியில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி, திரையில் ஒரு நிமிடத்துக்கு அசையாத ஒரே படம். பட்ஜெட் தீர்ந்துபோனதால் அப்படி என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஆனால் முடிவெடுக்க முடியாத ஒருவனின் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரியும். பிறகு ஷிஞ்சி மிசாத்தோவிடம் சொல்வது ஒன்றுதான். அவன் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னான், அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

காவோரு சொல்லும் சொல் ‘ஸுகி’. நம்முடைய ‘பிடிக்கும்’ மாதிரியேதான். தோசையும் பிடிக்கும், மழையும் பிடிக்கும், ‘எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு’ என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முன்பு வந்த ஆங்கில வடிவத்தில் இதைக் காதல் என்றே மொழிபெயர்த்திருந்தார்கள். 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்த புது மொழிபெயர்ப்பு அதைச் சாதாரணப் பிடித்தமாக மாற்ற, உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். மூலத்தில் இருக்கும் இரட்டை அர்த்தத்தைக் காப்பாற்றுவது என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். அகராதிப்படி தப்பில்லைதான். ஆனால் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் இதே ‘ஸுகி’யைச் சொன்னால் எந்த மொழிபெயர்ப்பாளரும் ஒரு நொடிகூடத் தயங்குவதில்லையே! சந்தேகத்தின் பலன் எப்போதும் ஒரே பக்கம் விழுகிறது.

அமெரிக்கர்களின் பழைய வேலைகளோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ‘சைலர் மூன்’ தொடரில் (1992) ஸோய்ஸைட், குன்ஸைட் என்ற வில்லன்கள் இருவரும் ஆண்கள், காதலர்கள். ஆங்கில டப்பிங்கில் ஸோய்ஸைட்டைப் பெண்ணாகவே மாற்றிவிட்டார்கள். ‘கார்ட்காப்டர் சகுரா’வில் (1998-2000) வெட்டியது இன்னும் அதிகம். மூல ஜப்பானியத் தொடரில் சின்னப்பெண் சகுராவுக்கு அண்ணனின் நண்பன் யுகிதோ மேல் ஒரு மயக்கம். அவளோடு போட்டிக்கு வரும் ஷாவோரான் என்ற பையனுக்கும் அதே யுகிதோவைப் பார்த்தால் முகம் சிவக்கும். இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக முட்டிக்கொள்வதைக் குழந்தைகள் தொடர் சாதாரண விளையாட்டாகக் காட்டிவிட்டுப் போகிறது. பின்னால் சகுரா தன் மனதைச் சொல்லும்போது, யுகிதோவின் மனதில் இருப்பது தன் அண்ணன் தோயாதான் என்று புரிந்துகொள்கிறாள். அழுகிறாள். மறுநாள் பள்ளிக்குப் போகிறாள். யாரும் சாகவில்லை! NHK போன்ற பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் சேனலில், குழந்தைகளுக்கான நேரத்தில் இது வந்தது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து ஒரு தாவல், ‘கிவன்’ (2019). ஃபுஜி டிவியின் ‘நொய்தாமினா’ நேரத்தில் வந்த முதல் ஆண்-ஆண் காதல் தொடர். நட்சுகி கிஸுவின் மாங்கா. மாஃபுயு என்ற பையன் கம்பி அறுந்த கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடிப்படியில் தூங்குகிறான். உவேனோயாமா அதற்குக் கம்பி மாட்டிக் கொடுக்கிறான். அந்த கிட்டார் இறந்துபோன யுகியுடையது, மாஃபுயுவின் பழைய காதலன். கவனித்தீர்களா? தாமஸ் மாதிரியே இங்கேயும் ஒருவன் கதைக்கு முன்பே இறந்திருக்கிறான். வித்தியாசம், இங்கே மிஞ்சியவன் சாமியாராகப் போகவில்லை. மேடையேறிப் பாடுகிறான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதே இசைக்குழுவின் பாஸ் கிட்டார் ஆள் ஹாருகியை. டிரம்மர் அகிஹிகோ மேல் அவனுக்குப் பல வருடக் காதல். அகிஹிகோவோ பிரிந்துபோன காதலனோடேயே ஒரே வீட்டில் இருக்கிறான். 2020-ல் வந்த ‘கிவன்’ திரைப்படம் முழுக்க இதுதான். மனசு உடைந்த ஹாருகி என்ன செய்கிறான்? நீளமாக வளர்த்த தலைமுடியை வெட்டிக்கொள்கிறான், குழுவோடு சேர்ந்து வாசிக்க வந்துவிடுகிறான். கோபமும் அவமானமும் இருக்கிறது, வாடகையும் ஒத்திகையும் இருக்கிறது. 1974-ல் தாமஸுக்குக் கிடைக்காத ‘மறுநாள்’ ஹாருகிக்குக் கிடைக்கிறது.

பழைய விதி ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ‘பனானா ஃபிஷ்’ மாங்கா 1994-ல் முடிந்தது. 2018-ல் அனிமேவாக எடுத்தபோது கதையை இன்றைய நியூயார்க்குக்கு மாற்றினார்கள், செல்போன் கொடுத்தார்கள், எல்லாம் செய்தார்கள். நூலகத்தில் எய்ஜியின் கடிதத்தோடு ஆஷ் இறப்பதை மட்டும் மாற்றவில்லை.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் ‘டோக்யூசெய்’ (2016) படத்தில் ஆரம்பிக்கலாம். ஒரு மணி நேரம்தான். ஒரு கிட்டார் பையனும் ஒரு படிப்பாளிப் பையனும், பள்ளிக் கோஷ்டிகானத்துக்காகச் சேர்ந்து பாடிப் பழகுகிறார்கள், அவ்வளவுதான் கதை. அப்புறம் ‘கிவன்’ தொடர், அப்புறம் அதன் படம். 1987-ம் வருடத்து ‘காஸெ தோ கி நோ உதா’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்தப் பையன் படுகிற கொடுமையை உட்கார்ந்து பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.