தணிகை மலையும் வள்ளியின் சுற்றமும்: கோயில் நிர்வாகத்தில் மலைக்குடிகளின் உரிமை

திருத்தணி முருகன் கோயிலின் தலவரலாறு ஒரு திருமண உறவை அடித்தளமாகக் கொண்டது. வேட்டுவர் தலைவன் நம்பிராசனின் வளர்ப்பு மகளான வள்ளியை மணந்த முருகன், அவளுடன் தணிகை மலைக்கு வந்தான் என்பது கந்தபுராணச் செய்தி. இதன்படி மலைக்குடியினர் இக்கோயிலுக்குப் பெண் கொடுத்த வீட்டார் ஆவர். ஆயினும் கோயிலை நிர்வகிக்கும் சட்டத்தில் இவ்வுறவுக்கென ஓர் இடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1985ஆம் ஆண்டு உலுரு நிலம் அனங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதனை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடம் அளித்தனர். 12 பேர் கொண்ட அதன் நிர்வாகக் குழுவில் 8 பேர் அனங்கு மக்களின் சார்பாளர்கள். மரபுரிமைத் தலங்களின் கூட்டு நிர்வாகம் குறித்த உரையாடல்களில் அடிக்கடி சுட்டப்பெறும் இம்முறை, தொல்குடியினரின் கதை உரிமையாக மாறிய ஒரு நிகழ்வு. தணிகையில் அம்மாற்றம் நிகழாமைக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதியில் கானவர் தேறல் உண்டு, தம் சுற்றத்தோடு குரவை ஆடுகின்றனர். பழமுதிர்சோலைப் பகுதியிலோ குறமகள் தானே வழிபாட்டை நடத்துகிறாள். கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாக இடுகிறாள். குன்றுதோறாடலைத் திருத்தணியோடு இணைப்பது பிற்கால மரபாதலின், இப்பாடற்பகுதியை இவ்வூருக்குரிய நேரடிச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் முருக வழிபாட்டின் தொல்நிலையில் மலைக்குடியினர் பார்வையாளராக அன்றி வழிபாட்டை நடத்துவோராகவே விளங்கினர் என்பதற்கு இது வலுவான சான்று.

பல்லவர் காலத்தில் நிலை மாறுகிறது. இரா. நாகசாமி பதிப்பித்த வேலஞ்சேரிச் செப்பேடுகளுள் ஒன்று பல்லவ அபராசிதனுடையது. மற்றொன்று முதற் பராந்தகனுடையது. அபராசிதனின் செப்பேடு திருத்தணி முருகனுக்கு அளிக்கப்பெற்ற கொடையைப் பதிவு செய்கிறது. கொடைச் சாசனம் என்பது நிலத்தின் மொழி. அது எல்லைகளையும் வரிவிலக்கையும் கொடை பெறுவோரையும் பேசும். உழுநிலம் இல்லாத குடியினர் இத்தகைய ஆவணத்துக்குள் நுழையும் வழி மிகக் குறுகியது. 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடியபோதும் வள்ளியின் கதை விரிவாகவே இடம்பெற்றது. ஆகவே இலக்கிய நினைவு அறுபடவில்லை. அந்நினைவு ஆவணமாக மாறவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றிலும் இப்போக்கைக் காணலாம். 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணி அம்மாநிலத்திற்குச் சென்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் பரிந்துரையின் வழியும் 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்தில் இணைந்தது. அவ்வழக்கில் வினா ஒன்றே: தமிழா, தெலுங்கா? எல்லையின் ஒருபுறம் இருளரும் மறுபுறம் ஏனாதியரும் வாழும் நிலப்பரப்பில், மலை யாருடைய வழிபாட்டு நிலம் என்னும் வினா மொழிக்கணக்கில் அடங்காமற் போனது.

தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அதன் 47ஆம் பிரிவு அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவர் இடம்பெற வேண்டும் என்கிறது. 'அல்லது' என்னும் ஒரு சொல் போதும், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லாமலே சட்டத்தை முழுமையாக நிறைவேற்றிவிடலாம். 63ஆம் பிரிவின் (உ) கூறு இதனினும் பயனுடையது. வழக்காற்றின்படி ஒருவருக்குக் கோயிலில் மரியாதையோ ஊதியமோ உரியதா என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை அது இணை ஆணையருக்கு அளிக்கிறது. ஆனால் வழக்காற்றை மெய்ப்பிக்கும் சுமை உரிமை கோருவோர் மீதே விழுகிறது.

பூரியில் இச்சுமையை அரசு ஏற்றது. சவரர் தலைவன் விசுவாவசுவின் வழியினராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் தைத்தாபதிகள், நீராட்டு விழா முதல் தேர்விழா வரையிலான காலத்திலும் புதிய திருமேனி சமைக்கும் நவகளேபரத்திலும் தனியுரிமை உடையவர்கள். கோயிற் பணியாளர்களின் உரிமைகளைத் தொகுத்து உரிமைப் பதிவேடு ஒன்றை உருவாக்க 1952ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2015ஆம் ஆண்டு நவகளேபரத்திலும் அவர்களே முன்னின்றனர். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தைத்தாபதிகள் பழங்குடியாக நீடித்து இவ்வுரிமையைப் பெறவில்லை. கோயிற் பணிக்குலமாக மாறியே பெற்றனர். கூட்டு நிர்வாகத்திற்கு இன்னும் அணுக்கமான சான்று தெலங்கானாவின் மேடாரம். சம்மக்கா சாரலம்மா விழாவில் சிலகலகுட்டாவிலிருந்து தெய்வத்தைக் கொணர்வோர் கோயா பூசாரிகளே. சாலை, குடிநீர், காவல் ஆகியவை அரசின் பொறுப்பு.

திருத்தணிக்கு இம்முறையைப் பொருத்தும்போது எழும் உண்மையான இடர், வள்ளியின் சுற்றத்தார் யார் என்பதே. வள்ளியின் உறவைக் குறவர், இருளர், நரிக்குறவர் எனப் பலர் உரிமை கொண்டாடுவர். இவர்களுள் குறவர் பட்டியல் சாதியிலும், இருளர் பழங்குடிப் பட்டியலிலும் உள்ளனர். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. அவர்களது வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழியாதலின், சங்ககாலக் குறவரோடு அவர்களை நேரடியாக இணைப்பது கடினம். குருதி வழியைத் தேடுவது இங்குப் பயன் தராது. வழிபாட்டில் தொடர்ந்து பங்கேற்றோர் யாவர் என்பதைத் தேடுவதே தக்கது.

அத்தகைய தேடலுக்குக் குமரி மாவட்டம் குமாரகோயில் ஒரு முன்மாதிரி. அங்குப் பங்குனி மாதத்தில் வள்ளி திருமணத்தின்போது, பெண்ணைக் கொண்டுசெல்லும் முருகனைக் குறவர் எதிர்க்கும் 'குறவர் படுகளம்' நிகழ்த்தப்பெறுகிறது. அதுவும் மாநிலச் சீரமைப்பின்போது, 1956இல், தமிழகத்தோடு இணைந்த எல்லைப் பகுதி என்பது நோக்கத்தக்கது. சடங்கில் இடம் பெற்ற உறவை வழக்காறாகக் காட்ட இயலும். கதையில் மட்டும் நிற்பதைக் காட்ட இயலாது. அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலும் பதிவேடு பேண வேண்டும் என்கிறது. கோயிலின் தோற்றமும் வரலாறும் அதில் ஒரு பகுதி. ஊதியமோ உரிமைப்பேறோ உள்ள பணிகள் வேறொரு பகுதி. வேட்டுவர் குடி முதற் பகுதியில் எழுதப்பெறுவது புராணம். இரண்டாம் பகுதியில் எழுதப்பெறுவதே உரிமை. இருளர் குடியிருப்புகளில் முருக வழிபாடு குறித்த வாய்மொழி வழக்காறுகளைக் கள ஆய்வின் வழித் தொகுப்பது அவ்விரண்டாம் பகுதிக்கான முதல் ஆவணப் பணியாகும்.