தாலேட்டுகளும் குழந்தைகளின் ஒவ்வாமையும்

தாலேட்டுகள் என்பவை பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள். தரைவிரிப்பு, மழைச்சட்டை, நறுமணப் பொருள்கள் போன்றவற்றில் இவை உள்ளன. பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு இல்லாததால் மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் படிகின்றன. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைகளின் உடலில் எளிதில் சேர்கின்றன.

ஆய்வு: சுவீடனின் வார்ம்லாந்து பகுதியில் ஒவ்வாமை அறிகுறிகள் நீடித்த 198 குழந்தைகளும், அறிகுறியற்ற 202 குழந்தைகளும் ஒப்பிடப்பட்டனர். 2004இல் வெளியான முடிவின்படி, படுக்கையறைத் தூசியில் பியூட்டைல் பென்சைல் தாலேட் மிகுந்திருப்பது மூக்கு ஒவ்வாமையுடனும் தோல் கரப்பானுடனும் தொடர்புற்றிருந்தது, டி.இ.எச்.பி. என்ற மற்றொரு தாலேட் ஆஸ்துமாவுடன் தொடர்புற்றிருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, தாலேட்டே காரணம் என்று மெய்ப்பிக்கவில்லை. எனினும் விலங்குச் சோதனைகளில் சில தாலேட்டுகள் பிற ஒவ்வாமைப் பொருள்களுக்கு எதிரான நோயெதிர்ப்பு வினையை மிகைப்படுத்தியுள்ளன.

கட்டுப்பாடு: ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இயற்றிய விதி, பொம்மைகளிலும் குழந்தைப் பராமரிப்புப் பொருள்களிலும் மூன்று தாலேட்டுகளை 0.1 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தத் தடை விதித்தது.

தடுப்பு: ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும், சாளரங்களைத் திறந்துவைப்பதும், உண்ணுமுன் குழந்தையின் கைகளைக் கழுவுவதும் தூசிவழிச் சேர்க்கையைக் குறைக்கும்.