வெருகல் திருவிழாவும் கொட்டியாரத்தின் கலைமரபும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

திருகோணமலைப் பிரதேசத்தின் பண்பாட்டு வரலாறு இதுவரை பெரும்பாலும் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. கோணேசர் கோயிலின் பெருமையும், கவிராஜவரோதயனின் கோணேசர் கல்வெட்டும், தட்சிண கைலாச புராணமும் அவ்வரலாற்றின் தூண்களாகக் கொள்ளப்பட்டுள்ளன. இவற்றின் முக்கியத்துவம் மறுக்கத்தக்கதன்று. ஆயின், ஏடு எழுதாதவர்களும் மதில் கட்டாதவர்களும் எவற்றைப் பாடினர், எவற்றை ஆடினர், எந்த நாளில் எங்குக் கூடினர் என்ற வினாக்களுக்கு இத்தூண்கள் விடை தருவதில்லை. உழைக்கும் மக்களின் கலை வாழ்வைத் தேடுவோர், அவர்கள் கூடிய இடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். கொட்டியாரப் பற்றைப் பொறுத்தவரை அத்தகைய இடங்களுள் முதன்மையானது வெருகல்.

2

மகாவலி கங்கை கடலை அடையுமுன் கிளைகளாகப் பிரிகின்றது. அவற்றுள் ஒன்றே வெருகல் ஆறு. திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையில் இவ்வாறு ஓடுகின்றது. தெற்கே மட்டக்களப்பு மாவட்டத்தின் கதிரவெளியும் வாகரையும் உள்ளன. ஆற்றங்கரையில் அமைந்தது சித்திர வேலாயுத சுவாமி கோயில். கிழக்கிலங்கையின் திருப்படைக் கோயில்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது.

இந்நிலப்பகுதியின் பொருளாதாரம் ஒருதன்மையதன்று. வயலும் சேனையும், கடலும் களப்பும், காடும் ஆறும் ஒன்றையொன்று அடுத்துக் கிடப்பன. உழவர், மீனவர், தேன் எடுப்போர், வேட்டையாடுவோர் ஆகியோர் தத்தம் விளைபொருள்களைப் பரிமாறியே வாழ்ந்தனர். வடக்கே கொட்டியாரக் குடா கண்டி இராச்சியத்தின் கடல்வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. 1660 இல் ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டமை இக்குடாவிலேயே. மலைநாட்டு அரசின் கை இக்கரை வரை நீண்டிருந்ததை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அவ்வரசுக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் இடைப்பட்டு, உள்ளூர் அதிகாரத்தைக் கையாண்டவர்கள் வன்னியர்கள்.

வெருகல் திருவிழா ஆவணியில் நிகழ்கின்றது. ஆவணி இப்பகுதியில் வறண்ட காலம். வடகீழ்ப் பருவமழை தொடங்க இன்னும் இரு திங்கள் உண்டு. ஆறு வற்றியிருக்கும், காட்டுவழிகள் நடக்கத்தக்கன, வயலில் வேலை குறைவு. பல்வேறு தொழில் செய்வோர் ஓரிடத்திற் கூடுவதற்கு ஏற்ற இடைவெளி அதுவே. பஞ்சாங்கம் வகுத்த நாளுக்கு அடியில் உழைப்பின் பஞ்சாங்கமொன்று இருப்பதை நாம் காணலாம்.

3

இக்கோயிலைப் பற்றி எழுந்த இலக்கியங்களுள் தலையாயது, தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் இயற்றிய வெருகல் சித்திர வேலாயுதர் காதல். காதல் என்பது தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. பாட்டுடைத் தலைவனைக் கண்டு மயங்கிய பெண்ணின் வேட்கையை அது விரித்துரைக்கும். தமிழகத்தில் இவ்வகை பாளையக்காரர், சிற்றரசர் ஆகியோரின் அவைகளில் தழைத்தது. சுப்ரதீபக் கவிராயரின் கூளப்பநாயக்கன் காதல் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நிலத்தலைவனின் செல்வத்தையும் இன்பத்தையும் புகழ்வதே அதன் சமூகப் பணி.

அவ்வடிவம் வெருகலை அடைந்தபோது பாட்டுடைத் தலைவனின் இடம் கடவுளுக்கு உரியதாயிற்று. இம்மாற்றத்தைப் பத்தியின் வெற்றி எனக் கூறி அமைதல் போதாது. கொட்டியாரத்தின் வன்னியத் தலைமை, பாளையக்காரருக்கு நிகரான அவையொன்றைப் பேணத்தக்க வளம் உடையதன்று. அத்தலைமை தன் அதிகாரத்தைக் கோயில் வழியாகவே வெளிப்படுத்தியது. வெருகற் கோயிலின் கல்வெட்டு, கயிலாய வன்னியனாரின் பெயரை மதிற்றிருப்பணியோடு இணைத்துக் கூறுவதையும் இங்குச் சேர்த்து நோக்குதல் வேண்டும். நிலமானியச் சமூகத்திற் கோயில், பொருள் குவியும் இடமாகவும், மதிப்பு வழங்கும் இடமாகவும், கலை புரக்கும் இடமாகவும் ஒருங்கே இயங்கியது. மதிலுக்கு உபயகாரர் பெயர் உண்டு. கல் சுமந்தவருக்குப் பெயர் இல்லை. காதற் பிரபந்தத்துக்குப் புலவர் பெயர் உண்டு. அதே திருவிழாவில் பறை முழக்கியவருக்குப் பெயர் இல்லை.

4

இந்த மௌனத்தைச் சற்றேனும் உடைக்கும் ஒரு நிகழ்ச்சி திருவிழாவினுள்ளேயே உள்ளது. வேடர் திருவிழா என வழங்கும் பகுதி அது. வெருகல், வாகரை, மூதூர்ப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுபவர்கள். மீன்பிடியும் சேனைப் பயிரும் செய்பவர்கள். 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய ஆய்வு இவர்களைத் தனியே குறிப்பிட்டுள்ளது. தூய வேடரைத் தேடிச் சென்ற அவ்வாய்வாளர்களுக்கு, தமிழரோடு கலந்துவிட்ட கரையோர வேடர் ஓரளவு ஏமாற்றமே அளித்தனர் எனலாம். ஆனால் சமூக வரலாற்று மாணவனுக்கு அக்கலப்பே முக்கியமானது.

வேடர் திருவிழாவை இருவகையில் விளக்குவது வழக்கம். வள்ளியை மணந்த முருகன் வேடர் மருமகன். ஆகவே உறவுமுறையால் அவர்களுக்குத் திருவிழா உண்டு என்பது மரபுவழி விளக்கம். இனங்களின் நல்லிணக்கத்துக்கு இது சான்று என்பது அண்மைக் காலத்தில் மேடைகளில் ஒலிக்கும் விளக்கம். இரண்டும் ஓர் உண்மையை மறைக்கின்றன. காட்டையும் ஆற்றங்கரையையும் முன்பே பயன்படுத்தி வந்த குடிகள், வயலும் கோயிலும் விரிந்தபோது அவ்வமைப்பினுள் உள்வாங்கப்பட்டனர். தொன்மக் கதை அவர்களுக்கு மாமனார் முறை அளித்தது. நிலவுடைமை அமைப்பு அவர்களை விளிம்பில் இருத்தியது. ஆண்டில் ஒரு நாளின் மதிப்பு, ஏனைய நாள்களின் தாழ்வைத் தாங்கச் செய்யும் கருத்துநிலையாகவும் பயன்பட்டது.

எனினும் இதனை வெறும் அடக்குமுறைக் கருவி எனக் கூறுவது வரட்டுவாதமாகும். அந்நாளின் உரிமை கேட்டுப் பெறத்தக்க உரிமை. தலைமுறை தலைமுறையாக நினைவில் வைக்கப்பட்ட உரிமை. எழுத்தில் இடம் பெறாத மக்கள், தாம் இந்நிலத்தின் முன்னோர் என்பதைச் சடங்கின் வாயிலாகப் பதிவு செய்து வைத்துள்ளனர். அவ்வகையில் வேடர் திருவிழாவும் ஒரு கல்வெட்டே.

5

கோயிலுக்கு வெளியே, ஆற்றின் இரு மருங்கிலுமுள்ள ஊர்களின் பெருங்கலை கூத்து. அறுவடைக்குப் பின் வரும் ஓய்வுக் காலத்தில் அண்ணாவியாரை அழைத்து, சட்டங் கொடுத்து, திங்கள் கணக்கில் ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, இறுதியில் வட்டக்களரியில் அரங்கேற்றுவது கிழக்கின் மரபு. மத்தளமும் சல்லரியும் விடியும்வரை ஒலிக்கும். ஆடுவோனும் பார்ப்போனும் ஒரே வயலில் உழைப்பவர்கள். பணங் கொடுத்து நுழையும் பார்வையாளர் இங்கு இலர். ஆனால் இக்களரியைச் சமத்துவத்தின் களமாகக் கொள்ளுதலும் தவறு. அரசன் வேடம் எவருக்கு, ஏவலாள் வேடம் எவருக்கு என்பதிற் சாதியும் செல்வாக்கும் குறுக்கிட்டமை கிழக்கின் கூத்து வரலாறு அறிந்தோர் அறிவர்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன அம்முயற்சியின் விளைவுகள். கிராமத்தவரின் கலையென இகழப்பட்டது தேசியக் கலையென மதிக்கப்பட்டது. அப்பயிற்சியில் உருவான சி. மௌனகுரு 1969 இல் சங்காரம் நாடகத்தில் வர்க்கப் போராட்டத்தைக் கூத்தின் ஆட்டத்தாற் கூறினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில், மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னணியில் என். கே. ரகுநாதனின் கந்தன் கருணை தோன்றியது. வெருகலில் வேடருக்கு ஒருநாள் மாமனார் முறை அளித்த அதே கந்தன், அங்கு ஒடுக்கப்பட்டோருக்குக் கதவு திறப்பவனானான். பழைய வடிவம் புதிய வர்க்கத்தின் குரலைத் தாங்கும் என்பதை இந்நாடகங்கள் மெய்ப்பித்தன.

ஆயினும் நாம் ஒரு தன்விமர்சனத்தைச் செய்தல் தகும். கூத்து பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பல்கலைக்கழகம் கூத்தனிடம் சென்ற தூரம் குறைவு. நகர மேடை நேரத்தைச் சுருக்கியது, ஆட்டத்தைச் செம்மை செய்தது. அண்ணாவியாரின் வாழ்க்கைக்கும் வருவாய்க்கும் அதனால் நேர்ந்த மாற்றம் சிறிது.

6

அடுத்து வந்தது போர். 1983 இன் பின்னர் இப்பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2004 ஏப்பிரலில் விடுதலைப் புலிகளின் இரு பிரிவினர் வெருகல் ஆற்றங்கரையில் மோதினர். அவ்வாண்டு மார்கழியில் கடற்கோள் கரையை அழித்தது. 2006 யூலையில், வெருகல் ஆற்றின் நீரை வயல்களுக்குத் திருப்பும் மாவிலாற்று மதகு மூடப்பட்டமை பெரும்போரின் தொடக்கமாயிற்று. மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினர். ஊரை ஊட்டிய ஆறே ஊரை விரட்டும் போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

கலை வரலாற்றில் இவ்விடப்பெயர்வின் பொருள் யாது? அச்சேறிய பிரபந்தத்துக்கு ஒரு பிரதி எங்கேனும் எஞ்சும். கூத்துக்கோ பிரதி மட்டும் போதாது. தாளக்கட்டு அண்ணாவியாரின் கையிலும் ஆட்டம் இளைஞரின் காலிலும் உள்ளது. முகாமில் வட்டக்களரி அமைய இடமில்லை. அறுவடை இல்லாத ஆண்டில் அரங்கேற்றத்துக்கு நெல்லில்லை. போரில் முதலில் அழிவது எழுதப்படாத கலையே.

போர் முடிந்தபின் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்த காலம் போய்ப் பாலம் வந்துள்ளது. திருவிழாவுக்கு வாகனங்கள் பெருகியுள்ளன. ஒலிபெருக்கி மத்தளத்தை மூடுகின்றது. அரச கலாசார விழாக்களிற் கூத்தும் வேடர் ஆட்டமும் பத்து நிமிடக் காட்சிகளாக நிறைவெய்துகின்றன. வாழ்வின் பகுதியாயிருந்தது காட்சிப் பொருளாகும் இம்மாற்றமும் சந்தைப் பொருளாதாரத்தின் தருக்கத்துக்கு உட்பட்டதே.

7

பழமையை மீட்டுவிடலாம் என்ற ஏக்கம் நமக்குரியதன்று. பழைய திருவிழா சாதியையும் சுமந்தே வந்தது. நாம் காக்க வேண்டியது, ஆடுவோனும் பார்ப்போனும் ஒருவராயிருந்த அந்த உறவு. அதற்கு நிலமும் நீரும் ஊரும் மக்களிடம் இருத்தல் முன்நிபந்தனை. ஆய்வாளருக்கு உடனடியான பணியும் ஒன்றுண்டு. கொட்டியாரத்தின் மூத்த கூத்தர், பறை முழக்குவோர், வேடர் திருவிழாவை நடத்துவோர் ஆகியோரின் சொற்களை அவர்தம் பெயரோடும் ஒப்புதலோடும் பதிவு செய்தல் வேண்டும். மதில் கட்டிய வன்னியனாரின் பெயர் கல்லிலே நிற்கின்றது. மத்தளத்தின் தாளத்தைக் காத்தவரின் பெயரேனும் நமது ஏட்டில் நிற்கட்டும்.