கடனீரேரியைக் கடக்கும் ஒளி

கொழும்புத்துறை இறங்குதுறையில் இருட்டும் வேளையில் நின்றால் கடனீரேரியின் மேல் தொலைவிலே சில விளக்குகள் தெரியும். நீர்மட்டத்தை ஒட்டி வரும் அந்த ஒளி நிலையாக நிற்பதில்லை. துடிக்கும், மங்கும், மறுகணம் தெளியும்.

1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தன. ஜாம் போத்தல் விளக்கிலே எழுதி, அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலே பத்திரிகை அச்சிட்ட காலம் அது. நான் எழுதிய செய்தி கைமாறிக் கைமாறிக் கொழும்பை அடையப் பல நாட்கள் சென்றன. ஒளி கடக்கின்ற நீரைச் செய்தி மட்டும் ஏன் கடக்கக்கூடாது என்று இத்துறையில் நின்று எண்ணியதுண்டு. பேதைமை என்று அதனை ஒதுக்கிவிட்டேன். பின்னர் வாசித்தபோதுதான், அது மிகப் பழைய எண்ணம் என அறிந்தேன்.

1869 இல் கராச்சியில் ஹென்றி மான்ஸ் என்பவர் சூரிய ஒளியைக் கண்ணாடியால் வெட்டி வெட்டித் தந்திச் செய்தி அனுப்பும் கருவியை ஆக்கினார். 1880 இல் கிரகாம் பெல் வோஷிங்டனில் மனிதக் குரலையே ஒளிக்கற்றையில் ஏற்றி 213 மீற்றர் தூரம் அனுப்பினார். தொலைபேசியிலும் பார்க்க இதையே தமது பெரிய கண்டுபிடிப்பாக அவர் கருதினாராம். உலகம் அப்படிக் கருதவில்லை. முகில் மறைத்தால் பேச்சு அறுந்துபோகும் கருவியை யார் வாங்குவார்? 1960 இல் லேசர் வந்ததும் ஆசை மீண்டும் துளிர்த்தது. மழையும் பனிமூட்டமும் அதனையும் தோற்கடித்தன. 1966 இல் சார்ள்ஸ் காவோ கண்ணாடி இழையின் வழியைக் காட்டியபின், ஒளி குழாய்க்குள் புகுந்துகொண்டது.

ஆனால் வானம் தெளிந்திருக்கும்போதும் ஒளி ஏன் துடிக்கிறது? வெயிலிற் சூடேறிய நிலமும் நீரும் தமக்கு மேலுள்ள காற்றைச் சிறு சிறு சுழல்களாகக் கலக்குகின்றன. ஒவ்வொரு சுழலும் ஒரு மெல்லிய வில்லை போன்றது. கதிரைச் சற்றே வளைக்கும், குவிக்கும், சிதறவைக்கும். விண்மீன் மினுங்குவதும் இதனாலேதான். சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1952 இல் இந்த மினுக்கத்துக்கு ஒரு புள்ளியியல் அடிப்படையை வகுத்துக் கட்டுரை வெளியிட்டார். நோபல் பரிசு பெற்ற அவரது விண்மீன் ஆய்வைப் பேசுகிற நம்மவர்கள் இதனைப் பேசுவதில்லை.

மினுங்குவது விண்மீன், மினுங்காதது கோள் என்று சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். கோள் ஒரு தட்டாகத் தெரிவதால் அதன் பல புள்ளிகளின் துடிப்புகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. லேசர் தொடர்பில் வாங்கும் வில்லையைப் பெரிதாக்குவதும், ஒரே செய்தியைப் பல கதிர்களில் அனுப்புவதும் ஏறக்குறைய இதே உபாயந்தான். இவை இன்றியமையாதவை. செக்கனுக்கு 2,000 கோடி பிற்றுகள் செல்லும் இணைப்பில், ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரம் கதிர் மங்கினாலே இரண்டு கோடி பிற்றுகள் போய்விடும்.

இக்கதை எங்கள் தீவையும் தொட்டுச் சென்றது. பலூன்கள் மூலம் இணையம் வழங்கும் லூன் திட்டத்துக்கு 2015 இல் இலங்கை அரசு கூகுளுடன் உடன்பாடு செய்தது. 2016 இல் முதற் பலூன் வந்தது. காரியம் அதற்கப்பாற் செல்லவில்லை. 2021 இல் திட்டமே மூடப்பட்டது. ஆயினும் பலூன்களை ஒன்றோடொன்று இணைக்க ஆக்கிய லேசர் நுட்பம் தாரா என்ற பெயரில் தரைக்கு இறங்கியது. சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசுவாமி அதற்குத் தலைமை தாங்கினார். 2021 இல் கொங்கோ ஆற்றின் இரு கரையிலுமுள்ள பிரசவில், கின்ஷாசா நகரங்களை 4.8 கிலோமீற்றர் லேசர் கதிர் இணைத்தது. ஆற்றைச் சுற்றி இழை போடுவதானால் 400 கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். இருபது நாட்களில் ஏறக்குறைய 700 ரெராபைற் தரவு கடந்தது, 99.9 வீத நேரம் இணைப்பு அறவில்லை என்று அறிவித்தார்கள்.

அந்த வீதத்தைக் கண்டதும் என் பத்திரிகைப் புத்தி கணக்குப் பார்த்தது. எஞ்சிய 0.1 வீதம் ஆண்டொன்றுக்கு எட்டேமுக்கால் மணித்தியாலம். அது நாள்தோறும் ஒன்றரை நிமிடமாகப் பிரிந்து வருமானால் யாருக்கும் தெரியாது. மார்கழி விடியலில் எதிர்க்கரை தெரியாமல் மூட்டம் கவிந்து, ஒரே முறையாக வந்தால்? செய்தி அனுப்ப வேண்டிய காலை எதுவென்று மூட்டத்துக்குத் தெரியாது. 1990களில் எங்களுக்கு அந்த 99.9 கிடைத்திருந்தால் இப்படி வாதாடியிருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற முறை துறைக்குப் போனபோது சட்டைப்பையிலிருந்த கைத்தொலைபேசி இருமுறை அடித்தது. நீருக்கு அப்பால் ஒரு விளக்கு மங்கித் தெளிந்துகொண்டிருந்தது. அது எதிர்க்கரையா படகா என்று இருட்டில் மட்டுக்கட்ட முடியவில்லை.