78 எப்படி 28 ஆனது?

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

சென்ற வருடம் இரண்டாம் தவணை முன்னேற்ற அறிக்கை கொடுத்த மறுநாள் காலை, ஒரு மாணவனின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. விஞ்ஞான விடைத்தாளை என் மேசையில் வைத்து மெதுவாகக் கேட்டார். "சேர், பேப்பர்ல 78. ரிப்போட்ல 28. எது சரி? நேத்து ராவு மகனுக்கு அடிச்சிட்டன் சேர்."

பிழை என்னுடையது. வேறு யார் மேலும் போட முடியாது. அன்றே வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வாங்கிய அடியைத் திருப்பி எடுக்க முடியாதே.

வகுப்பாசிரியர்களுக்கு இந்த வேலை தெரியும். என் வகுப்பில் 42 பிள்ளைகள், 9 பாடங்கள். 378 எண்கள். அதைப் புள்ளிப் புத்தகத்தில் இருந்து விரிதாளுக்கு, விரிதாளில் இருந்து அறிக்கைக்கு, பிறகு மேலிடம் கேட்கும் படிவத்துக்கு என்று மூன்று தரம் அடிக்க வேண்டும். 1134 எண்கள். இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தால் இரவு ஒரு மணியாகும். அந்த ஒரு மணிக்குத்தான் 7 இருந்த இடத்தில் 2 விழுந்தது.

இந்தக் கதையை டோஹாவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் சொன்னேன். "சேர், ஒரே எண்ணை மூணு தரம் மனுசன் அடிக்கிறதே பிழை. அதக் கம்பியூட்டருக்கிட்ட விடுங்க" என்று ஒரு இலவச மென்பொருளின் பெயரைச் சொன்னார். ஓட்டோஹொட்கீ. நான் சரித்திர ஆசிரியர். எதைக் கையில் எடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது. விடுமுறை முழுக்கத் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலுப்பூட்டும் வேலையைக் கணினியிடம் விடும் எண்ணம் நாம் நினைப்பதை விடப் பழையது. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் நடந்தது இது. ஸ்டீவ் ஜோன்சன் என்ற செய்நிரலாளர் ஒரு காலைப் பொழுது முழுவதும் தன் செய்நிரலில் பிழை தேடினார். உண்மையில் பிழையை அவர் ஏற்கெனவே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். எரிச்சலோடு ஸ்டுவர்ட் பெல்ட்மனின் அறைக்குப் போய் அவரிடம் கொட்டித் தீர்த்தார். பெல்ட்மன் அந்த வார இறுதியிலேயே 'மேக்' என்ற ஒரு சிறிய கருவியை எழுதினார். எந்தக் கோப்பு மாறியிருக்கிறது, அதனால் எவற்றையெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும் என்று அதுவே பார்த்துச் செய்துவிடும். ஒரு மனிதனின் மறதியில் பிறந்த இந்தக் கருவிக்கு 2003இல் ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. மேக்கின் கட்டளை வரிகள் 'டெப்' சாவியின் இடைவெளியோடுதான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளி விட்டால் வேலை செய்யாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் ஐம்பது வருடமாக ஆட்கள் இதில் மாட்டுகிறார்கள். இது மோசமான ஏற்பாடு என்று பெல்ட்மனுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பாவிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய வேலை குழம்பிவிடக் கூடாதென்று மாற்றாமல் விட்டார். பன்னிரண்டு பேருக்காக விட்டது பிறகு வந்த இலட்சக்கணக்கானோர் தலையில் விழுந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அதே யுனிக்ஸ் முறைமையில் 'குரோன்' என்று இன்னொன்று உண்டு. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் விழித்து, இப்போது செய்ய வேண்டியது ஏதும் உண்டா என்று பட்டியலைப் பார்க்கும். இருந்தால் செய்யும், இல்லாவிட்டால் மறுபடி தூங்கும். 1987இல் போல் விக்ஸி அதைப் புதிதாக எழுதி இலவசமாகக் கொடுத்தார். இணையத்தில் உள்ள சேவையகங்களில் நள்ளிரவில் நடக்கும் எத்தனையோ வேலைகளை அந்த வழியில் வந்த கருவிகள்தான் செய்கின்றன.

ஆனால் இவையெல்லாம் யுனிக்ஸ் படித்தவர்களின் உலகம். நம்மைப் போன்ற மேசைக் கணினிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? டொஸ் காலத்தில் பெட்ச் கோப்புகள் இருந்தன. கணினியைப் போட்டதும் தானாக ஓடும் கோப்பு ஒன்றை அந்த நாளில் கணினி வகுப்புக்குப் போனவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு சாவியை அழுத்தினால் முழு வாக்கியமே விழச் செய்யும் மென்பொருள்களும் இருந்தன. போர்லண்ட் நிறுவனத்தின் சூப்பர்கீ அவற்றில் ஒன்று. அவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் மைக்ரோசொப்ட் 'ரெக்கோடர்' என்ற ஒன்றைச் சேர்த்தே கொடுத்தது. நீங்கள் செய்வதைப் பதிவு செய்து, பிறகு அப்படியே திரும்பச் செய்து காட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கண் இல்லை. திரையில் இந்த இடத்தில் அழுத்து என்று பதிந்திருந்தால், ஜன்னல் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அதே இடத்தில்தான் அழுத்தும். அங்கே சேமிக்கும் பொத்தான் இருக்கிறதா அழிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. விண்டோஸ் 95 வந்தபோது ரெக்கோடர் காணாமல் போனது.

அந்த வெற்றிடத்தில்தான் தனிமனிதர்கள் நுழைகிறார்கள். 1999இல் ஜொனதன் பென்னெட் 'ஓட்டோஇட்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். அதன் நோக்கம் சாதாரணமானது. ஒரு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு ஒரே மென்பொருளைப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்து 'அடுத்து, அடுத்து, முடிந்தது' என்று அழுத்திக்கொண்டிருக்க முடியுமா? ரெக்கோடரிடம் இல்லாத ஒரு முக்கியமான குணம் இதற்கு இருந்தது. பொறுமை. இந்தத் தலைப்புள்ள ஜன்னல் திறக்கும் வரை காத்திரு, திறந்த பிறகு மட்டும் எழுது என்று அதற்குக் கட்டளையிடலாம்.

ஓட்டோஇட்டைப் பாவித்தவர்களில் ஒருவர் கிறிஸ் மாலெட். நமக்கு விருப்பமான சாவிகளை அழுத்தியதும் ஒரு வேலை தொடங்கும் வசதியையும் இதில் சேர்க்கலாமே என்று அந்தக் குழுவினரிடம் யோசனை சொன்னார். பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. நம்மில் பலர் என்றால் அத்தோடு கோபித்துக்கொண்டு போயிருப்போம். அவர் தானே எழுதத் தொடங்கினார். 2003 நவம்பரில் ஓட்டோஹொட்கீயின் முதல் பொதுப் பதிப்பு வந்தது. பிறகு அதன் மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

இந்த இடத்தில் 'இலவசம்' என்ற சொல்லை ஒரு தரம் பார்க்க வேண்டும். நம் ஊரில் இலவச சொப்ட்வெயார் என்றால் கடையில் பிரதி பண்ணிய சீடி என்றுதான் பலர் விளங்கி வைத்திருக்கிறோம். அது இலவசமில்லை, களவு. ஓட்டோஇட்டின் மூன்றாம் பதிப்பு முதலில் மூலநிரல் திறந்ததாக இருந்தது. பின்னர் மூடிக்கொண்டார்கள். இன்றும் காசு இல்லாமல் கிடைக்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து மாற்ற முடியாது. ஓட்டோஹொட்கீ திறந்தே இருந்தது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு அடுத்து நடந்ததுதான் பதில். 2009க்குப் பிறகு மாலெட் அந்த வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். மூலநிரல் அவருடைய பெட்டிக்குள் பூட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் லெக்ஸிகோஸ் என்ற பெயரில் இயங்கும் ஸ்டீவ் கிரே, அதற்கு முன்பே அதைப் பிரதியெடுத்துத் தன் கிளையை வளர்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கிளையே அடிமரமானது.

தமிழ் எழுதும் நமக்கும் அந்தக் கிளையோடு ஒரு சம்பந்தம் உண்டு. மாலெட்டின் மூலப் பதிப்புக்கு யுனிகோட் தெரியாது. தமிழ் எழுத்து அதற்குள் போனால் வெறும் கேள்விக்குறிகள்தான். யுனிகோட் வந்தது கிரேயின் கிளையில். இன்று இரண்டு முக்காற்புள்ளிகள், ஒரு குறுக்கெழுத்து, மறுபடி இரண்டு முக்காற்புள்ளிகள், பிறகு முழு வாக்கியம் என்று ஒரே வரி எழுதி வைத்தால் போதும். குறுக்கெழுத்தை அடித்ததும் முழு வாக்கியமும் தமிழில் விழும். நம்மில் பலர் பாவித்த இகலப்பையும் இந்த வேலைக்குச் சொந்தக்காரன்தான். அது கீமேன் என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. கீமேனை மார்க் டேர்டின் 1993இல் லாவோ மொழிக்காகத் தொடங்கினார். ஒரு சாவியை அழுத்தினால் வேறொன்று விழ வேண்டும் என்பதுதானே இரண்டுக்கும் அடிப்படை.

2022 டிசம்பரில் ஓட்டோஹொட்கீயின் இரண்டாம் பதிப்பு வந்தது. மொழியைச் சுத்தம் செய்து ஒழுங்காக்கினார்கள். ஆனால் முதலாம் பதிப்புக்கு எழுதியவை அதில் அப்படியே ஓடாது. பெல்ட்மன் பன்னிரண்டு பேருக்காக ஒரு குறையை விட்டுவைத்தார். இவர்கள் குறையைத் திருத்தப் போய் பழைய பாவனையாளர்கள் எத்தனையோ பேரின் வேலையைக் குழப்பினார்கள். எது சரி? என்னைக் கேட்டால் இவர்கள் செய்ததுதான் சரி. நாங்களும் பழைய பாடத்திட்டத்தை விட மனமில்லாமல் எத்தனை வருடம் இழுத்தோம்!

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல் புறப்பட்டது நினைவிருக்கிறதா? அதில் இருந்தது விண்டோஸிலேயே ஓடக்கூடிய ஒரு சிறிய ஸ்கிரிப்ட். திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டு, கோப்புகளையும் அழித்தது. கணினிக்கு ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கற்றுக்கொடுத்தால், அது எந்த வேலை என்று கணினி கேட்காது. ஓட்டோஇட்டிலும் ஓட்டோஹொட்கீயிலும் தீய மென்பொருள் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இவற்றில் செய்த நல்ல கோப்புகளைக் கண்டாலும் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் கத்துகின்றன.

பெரிய நிறுவனங்களும் இதில் இறங்கிவிட்டன. சாவியையும் சுட்டியையும் மனிதனைப் போல இயக்கும் இதே வேலைக்கு 'ரோபோ' என்று பெயர் வைத்து விற்கும் கம்பனிகள் உண்டு. ருமேனியாவில் ஒரு சிறிய குழுவாகத் தொடங்கிய யூஐபாத் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக்குப் போனது. மைக்ரோசொப்ட் 2020இல் சொப்டோமோட்டிவ் என்ற கிரேக்க நிறுவனத்தை வாங்கி, அடுத்த வருடம் பவர் ஓட்டோமேட் மேசைப் பதிப்பை விண்டோஸ் 10 பாவனையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ரெக்கோடரை எடுத்துவிட்டு இருபத்தைந்து வருடம் கழித்து!

இனி என் கதை. முதல் முயற்சியில் நான் எழுதியது படுதோல்வி. விரிதாளில் ஒரு எண்ணை எடு, படிவத்துக்குப் போ, ஒட்டு, டெப் அழுத்து, திரும்பி வா. ஐந்து பிள்ளைகளுக்கு அழகாக ஓடியது. அன்று நல்ல மழை, இணையம் தவழ்ந்துகொண்டிருந்தது. ஆறாவது பிள்ளையின் பக்கம் திறக்கும் முன்பே என் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கிவிட்டது. ஒருவரின் புள்ளி இன்னொருவருக்குப் போனது. நான் 28 ஆக்கியது ஒரு பிள்ளையை. இது விட்டிருந்தால் 37 பிள்ளைகளை மாற்றியிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்ததால் நிறுத்த முடிந்தது. நான் செய்து வைத்திருந்தது 1990இன் அதே கண்ணில்லாத ரெக்கோடர்தான்.

பிறகு காத்திருக்கும் கட்டளைகளைச் சேர்த்தேன். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் அது நின்று, விரிதாளில் உள்ள சுட்டெண்ணும் படிவத்தில் உள்ள சுட்டெண்ணும் ஒன்றா என்று ஒப்பிடும். ஒன்றில்லாவிட்டால் எழுதாது, மணியடிக்கும். முடிந்த பிறகு மனைவி புள்ளிப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க, நான் திரையைப் பார்த்துச் சரிபார்க்கிறேன். மூன்றாம் தவணையில் ஒன்பதரைக்கு வேலை முடிந்தது. கையால் அடிப்பது இப்போது ஒரே தரம், விரிதாளில் மட்டும். அதிலும் இரண்டு பிழை விட்டிருந்தேன். மனைவி பிடித்தார்.

அந்த வாப்பாவுக்கு மூன்றாம் தவணை அறிக்கையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விஞ்ஞானம் 81. விடைத்தாளையும் கூடவே கொண்டுபோயிருந்தேன். அவர் அதை விரித்துப் பார்க்கவில்லை. மகன்தான் விரித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

இதைப் பழக விரும்பும் ஆசிரியர்களுக்காக வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நம் பாடசாலைக் கணினி அறையில் இருப்பேன். மென்பொருளை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து இரண்டாம் பதிப்பாக நேரடியாக எடுப்போம். வட்ஸ்அப்பில் யாரும் அனுப்பும் கோப்பைத் திறக்க வேண்டாம், நான் அனுப்பினாலும்தான். புள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். பென் ட்ரைவ் வேண்டாம்.