நீலகிரியில் இராணுவமயம்

ஒரு நிலப்பகுதியின் சாலை, பள்ளி, மருந்து, வேலைவாய்ப்பு ஆகியவை படையின் தேவையைப் பின்பற்றி அமைவதை இராணுவமயம் என்பர். உலகப் போர்களுக்குப் பிறகே இது சமூகத்தில் பரவியது என்பது பொதுவான கருத்து. நீலகிரி மாவட்டத்தில் இது அதற்கு நூறாண்டு முந்தியது.

நீலமலை என்னும் பெயரைத் தரும் பழைய சான்றுகளுள் ஒன்று படையெடுப்பைப் பற்றியது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் தோடர்களை அச்சுறுத்தி இம்மலையைக் கைப்பற்றியதாகக் கி.பி. 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத்தில் குன்னூரை அடுத்த பக்காசுரன் மலைக்கோட்டை திப்பு சுல்தானின் காவல் அரணாக இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் மலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதிலிருந்து இம்மாவட்ட வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆயினும் குடியேற்றத்தை நிலைநிறுத்தியது, சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த வெள்ளைச் சிப்பாய்களின் தேவையே. மதராஸ் ஆளுநர் லஷிங்டன் காலத்தில் (1827–1832) உதகை நோயுற்ற படையினர் உடல் தேறும் இடமாயிற்று. அதன் நிர்வாகம் இராணுவ அதிகாரியிடம் விடப்பட்டது. முதல் குன்னூர் மலைப்பாதையை வெட்டியவர்கள் மதராஸ் பயனியர் படையினர். காப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் அதன் பின்னரே பெருகின.

1852இல் படுகர் ஊரான ஜெகதளாவை ஒட்டிப் படைவீடுகள் எழத் தொடங்கின. திப்புவுக்கு எதிரான இறுதிப் போரில் பங்கெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது வெலிங்டன் பிரபுவின் பெயர் அந்தப் பாசறை நகருக்குச் சூட்டப்பட்டது. ஜெகதளா என்ற பழம்பெயர் இன்று பக்கத்துப் பேரூராட்சிக்கு மட்டும் உரியது. ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் லாரன்ஸ் பள்ளி தோன்றியது. அது பின்னர் லவ்டேலில் நிலைபெற்றது. மலேரியாவால் வாடிய சிப்பாய்களுக்குக் கொயினா மருந்து தேவைப்பட்டதும் 1860களில் அதைத் தரும் சிங்கோனாத் தோட்டங்கள் வளர ஒரு காரணம். நடுவட்டத்தில் அந்த வேலையில் சீனக் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களது உழைப்பு மலையின் வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை.

அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1904இல் இயங்கத் தொடங்கியது. கார்டைட் என்பது துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தும் புகையற்ற வெடிமருந்து. அதில் கலக்கும் நைட்ரோகிளிசரின் வெப்பம் மிகுந்தால் கேடு விளைவிக்கும் என்பதால் குளிர்ந்த மலை அதற்கு உகந்தது. ஆலைக்காகக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைந்தது. தென்னிந்தியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் ஒன்றான அது, முதலில் வீடுகளுக்கு விளக்கேற்ற எழுந்ததன்று. 1899இல் குன்னூரை எட்டிய மலை ரயில் 1908இல் உதகைக்கு நீண்டபோது வெலிங்டனும் அருவங்காடும் அதன் நிலையங்களாயின. சுற்றியுள்ள ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பலர் ஆலை வேலையை நம்பியே வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர்.

விடுதலை இப்போக்கை மாற்றவில்லை. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதால் படை அதிகாரிகளின் ஸ்டாஃப் காலேஜ் வெலிங்டனில் அமைந்தது. எம்.ஆர்.சி. என மக்கள் சொல்லும், 1758இல் வேர் கொண்ட மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையமும் இங்கேயே உள்ளது. குன்னூரில் குடியேறிய பீல்டு மார்ஷல் மானெக்சா 2008இல் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகைப் பார்சி கல்லறையில் அடக்கமானார். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குச் சென்ற ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது முதலில் ஓடிச்சென்று உதவியவர்கள் அவ்வூர் மக்களே.

அருவங்காடு ஆலை 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்தன. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின்படி நான்காண்டுப் பணிக்குச் சேரும் இளைஞர்கள் எம்.ஆர்.சி.யில் பயிற்சி பெறுகின்றனர். தமிழ்நாட்டின் புதிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நீலகிரி இல்லை. அருகிலுள்ள மையம் கோயமுத்தூர்.