கரடி வேட்டையில் இரை வைத்தல்

காட்டில் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே நாள்தோறும் தீனி போட்டுக் கரடியைப் பழக்கி, பிறகு பரண்மேல் காத்திருந்து அதைச் சுடுவது இரை வைத்து வேட்டையாடும் முறை. வட அமெரிக்கக் கருங்கரடி வேட்டையில் இது பரவலாக வழக்கில் உள்ளது. அமெரிக்காவில் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, ஐடஹோ, வயோமிங், யூட்டா, அலாஸ்கா ஆகியவை இதை அனுமதிக்கும் மாநிலங்களில் முக்கியமானவை. கனடாவில் ஒண்டாரியோ, கியூபெக், நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களில் அனுமதி உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இல்லை. முற்கால இங்கிலாந்தில் கரடியைக் கட்டிவைத்து அதன்மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்த்தார்கள். 1835-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அந்தக் கொடுமைக்கும் இந்த முறைக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இவை வேறு வேறானவை.

வேட்டைக்காரரோ அவர் கூலி கொடுத்து அமர்த்தும் வழிகாட்டியோ ஒரு பீப்பாயை மரத்தோடு சங்கிலியால் கட்டுகிறார். அதில் பழைய ரொட்டி, டோனட், மிட்டாய், சோளப்பொரி, சர்க்கரைப்பாகு, பொரித்து மிஞ்சிய எண்ணெய் போன்றவை நிரப்பப்படுகின்றன. மணம் தொலைவுக்குப் போகத் தேனைக் காய்ச்சிப் புகையவிடுவதும் சோம்பு எண்ணெயைத் தெளிப்பதும் உண்டு. கரடியின் மோப்பத்துக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. சில நாளில் அது வந்துவிடும், வந்தது மறுபடியும் வரும். தானியங்கிக் கேமரா எந்தக் கரடி எந்த நேரத்தில் வருகிறது என்று காட்டிவிடும். வேட்டைப் பருவம் திறந்த அன்று மாலை வேட்டைக்காரர் பரண் ஏறுகிறார்.

இந்த முறை பலிப்பதற்குக் காரணம் கரடியின் உடலிலேயே இருக்கிறது. கோடை முடியும்போது அது ஓய்வில்லாமல் தின்னத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை உண்ணும், விழித்திருக்கும் நேரமெல்லாம் இரை தேடும். ஐந்தாறு மாதக் குளிர்கால உறக்கத்தை அந்தக் கொழுப்பைக் கொண்டே கழிக்க வேண்டும். பெண்கரடிக்கு இதைவிட நுட்பமான கணக்கு ஒன்று உண்டு. இணைசேர்வது ஜூன், ஜூலையில்; ஆனால் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. நவம்பர் வரை அது வளராமல் காத்திருக்கும். அதற்குள் தாயின் உடலில் போதிய கொழுப்பு சேர்ந்தால் கரு பதியும், ஜனவரியில் குகைக்குள் குட்டிகள் பிறக்கும். சேராவிட்டால் அந்த ஆண்டு குட்டி இல்லை. கரடியின் பிள்ளைப்பேறு இலையுதிர்காலச் சாப்பாட்டைப் பொறுத்தது என்பதை மனத்தில் கொண்டால்தான் இரை பற்றிய விதிகளைச் சரியாக எடைபோட முடியும்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மெய்னில் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு 30 நாள் முன்பிருந்து இரை வைக்கலாம். இரை இடம் வண்டி போகும் பாதையிலிருந்து 50 கஜமாவது தள்ளி இருக்க வேண்டும். குப்பைமேடு, முகாமிடம் ஆகியவற்றிலிருந்து 500 கஜம் விலக வேண்டும். வைத்தவர் பெயரும் முகவரியும் எழுதிய அட்டை அங்கே தொங்க வேண்டும். மினசோட்டாவில் பருவம் செப்டம்பர் 1-இல் தொடங்கும். இரை வைக்க ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்துதான் அனுமதி, இடத்தையும் பதிவு செய்ய வேண்டும். அலாஸ்காவில் இரை இடம் சாலையிலிருந்து கால் மைலும் வீட்டிலிருந்து ஒரு மைலும் தள்ளி இருக்க வேண்டும். விஸ்கான்சினில் ஓரிடத்தில் வைக்கும் இரை 10 காலனுக்கு, அதாவது சுமார் 38 லிட்டருக்கு, மேல் போகக்கூடாது. விலங்கின் இறைச்சி, எலும்பு கூடாது. ஆனால் அங்கே ஏப்ரல் 15-லிருந்தே இரை வைக்கத் தொடங்கலாம், செப்டம்பரில் திறக்கும் வேட்டைக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் முன்பே. இந்த விதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓர் உண்மை தெரியும். பெரும்பாலானவை இரையை ஒரு பொறியாகவே பார்க்கின்றன. பொறி எங்கே இருக்கலாம், யாருடையது, எப்போது அகற்றப்பட வேண்டும் என்று கேட்கின்றன. அது உணவு என்பதையும், சுடப்படும் ஒரு கரடிக்காக வைத்ததைச் சுடப்படாத பல கரடிகள் தின்றுவிட்டுப் போகின்றன என்பதையும் அவை பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. இரை பற்றிய சட்டத்தின் முதன்மையான குறை இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விஸ்கான்சின் கரடிகளின் முடியை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுவான சான்று. கரும்பும் மக்காச்சோளமும் காட்டுச் செடிகளிலிருந்து மாறுபட்ட கார்பன் ஐசோடோப்பு அடையாளம் கொண்டவை. மனிதர் செய்யும் தின்பண்டங்களில் இவை இரண்டும் நிறைந்திருப்பதால், அவற்றை உண்ட விலங்கின் முடியில் அந்த அடையாளம் தங்கிவிடும். அப்படி அளந்து பார்த்தபோது அங்குள்ள கரடிகளின் உணவில் 40 சதவீதத்துக்கும் மேல் வேட்டைக்காரர் வைத்த இரையே என்று தெரிந்தது. ஒரு காட்டு விலங்கின் உணவில் இவ்வளவு பங்கை மனிதர் போடுகிறார்கள் என்றால், அதை வெறும் வேட்டை உத்தி என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. அது ஒரு தீவனத் திட்டம், அப்படி யாரும் தீட்டாவிட்டாலும்.

உணவு என்றால் அதில் நஞ்சும் இருக்கலாம். 2014 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்டார்க் என்ற ஊருக்கருகே ஓர் இரை இடத்தை ஒட்டி நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன: இரண்டு வளர்ந்த பெண்கரடிகளும் இரண்டு குட்டிகளும். அங்கே சுமார் 40 கிலோ சாக்லேட் போடப்பட்டிருந்தது. கோகோவில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளே அவற்றைக் கொன்றது என்று உடற்கூறாய்வு காட்டியது. நாய்க்குச் சாக்லேட் கொடுக்கக்கூடாது என்று வீடுகளில் சொல்வதும் இதே பொருளுக்காகத்தான். அந்த மாநிலம் பின்னர் இரையில் சாக்லேட்டைத் தடைசெய்தது; மிச்சிகனிலும் அத்தகைய தடை உண்டு. நான்கு கரடிகள் செத்த பிறகுதான் பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று சட்டம் எட்டிப் பார்த்தது என்பது வருத்தத்துக்குரியது.

இரை முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான காரணம் கரடிகளின் தொகையைக் கட்டுப்படுத்துவது. இந்த வாதம் மெய்னில் இரண்டு முறை மக்கள்முன் வைக்கப்பட்டது. இரை, நாய், பொறி மூன்றையும் கரடி வேட்டையில் அனுமதிக்கும் ஒரே மாநிலம் அது. மூன்றையும் தடைசெய்யக் கோரி 2004-இலும் 2014-இலும் பொது வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் ஏறத்தாழ 53-க்கு 47 என்ற அளவில் தடைக் கோரிக்கை தோற்றது. மாநில வனவிலங்குத் துறையே தடையை எதிர்த்தது. கொல்லப்படும் கரடிகளில் மிகப் பெரும்பங்கு இரை இடங்களில்தான் வீழ்கிறது, இரை இல்லாவிட்டால் எண்ணிக்கை கட்டுக்கடங்காது என்பது அதன் வாதம். 1975 முதல் கரடிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்துவரும் துறை அது; அதன் சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே ஆய்வுகள்தான் வேறொன்றையும் காட்டின. மெய்னின் வடக்குக் காடுகளில் பீச் மரம் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு நன்றாகக் காய்க்கும். நல்ல விளைச்சலுக்கு அடுத்த குளிர்காலத்தில் பெண்கரடிகள் நிறையக் குட்டி போடுகின்றன, விளைச்சல் பொய்த்தால் பேறும் குறைகிறது. காட்டுக் கொட்டையே பிறப்பைக் கூட்டிக் குறைக்கும் என்றால், கொட்டை பொய்த்த ஆண்டிலும் தவறாமல் வந்து சேரும் டோனட் பீப்பாய் என்ன செய்யும் என்ற கேள்வி எழுகிறது. எலோஸ்டோன் தேசியப் பூங்காவின் அனுபவமும் இதே பக்கம் கைகாட்டுகிறது. 1970-ஐ ஒட்டி அங்கிருந்த குப்பைமேடுகள் மூடப்பட்டன. அதன்பின் பழுப்புக் கரடிகளின் உடல் எடையும் ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையும் குறைந்தன. எனவே தொகையைக் குறைக்க இரை வைக்கிறோம் என்பவர்கள், அதே இரையால் எத்தனை குட்டி கூடுதலாகப் பிறக்கிறது என்பதையும் கழித்துக் காட்ட வேண்டும். அந்தக் கழித்தல் இல்லாத கணக்கு பாதிக் கணக்கே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது கனமானதும்கூட. மெய்னில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் காடு. அடர்ந்த புதர்க்காட்டில் கரடியைப் பார்ப்பதே அரிது. இரை வைத்தவரில் சுமார் கால் பங்கினர் வெற்றி பெறுகையில், சும்மா தேடிப்போவோரில் நூற்றுக்குச் சிலருக்கே கிடைக்கிறது. தடை வந்தால் வேட்டை படுத்துவிடும் என்கிறார்கள். கொலராடோ 1992-இலும், ஆரிகன் 1994-இலும், வாஷிங்டன் 1996-இலும் வாக்கெடுப்பின் மூலம் இரையையும் நாயையும் தடைசெய்தன. அங்கே கரடி வேட்டை அற்றுப்போகவில்லை. அனுமதிச் சீட்டுகள் மலிவாகவும் அதிகமாகவும் வழங்கப்பட்டன, பருவங்கள் நீண்டன, ஆள் கூடியது. தனி ஒருவரின் வாய்ப்பு குறைந்தாலும் மொத்த எண்ணிக்கை மீண்டது. ஆனால் அந்த மாநிலங்களில் எதிர்ச்சரிவைத் தொலைநோக்கியால் துழாவ முடிகிற திறந்த மலைகள் நிறைய. மெய்னில் அது நடக்காது. ஆகவே மேற்கின் அனுபவத்தை அப்படியே கிழக்கில் நட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரையை ஒரே அடியாகத் தடைசெய்ய வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடாததும் இதனால்தான். இரை தேவைப்படும் காட்டில்கூட அது 30 நாள் தேவையா, ஐந்து மாதம் தேவையா, 38 லிட்டர் எதற்கு, ஐந்து லிட்டர் போதாதா என்பவை தனிக் கேள்விகள். வரவழைக்க மணம் போதும். வயிற்றை நிரப்பத்தான் பீப்பாய்.

இரை இடத்தில் கரடி நின்று நிதானமாகத் தின்பதால், அது ஆணா பெண்ணா, கூடக் குட்டி உண்டா என்று பார்த்துச் சுடலாம், குறி தவறிக் காயத்தோடு ஓடவிடுவதும் குறையும் என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. நாய் துரத்தி மரமேற்றிய கரடியையோ புதரில் சட்டென்று எதிர்ப்பட்டதையோ அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாதுதான். ஆனால் பார்க்க முடிவதும் பார்ப்பதும் ஒன்றாகிவிடாது. குட்டிகளைப் புதர் ஓரத்திலோ மரத்திலோ விட்டுவிட்டுத் தாய் மட்டும் பீப்பாயிடம் வருவதும் உண்டு.

இரையால் கரடி மனிதர் உணவுக்குப் பழகி ஊருக்குள் வரும் என்ற குற்றச்சாட்டில்தான் சான்று இருபக்கமும் நிற்கிறது. மினசோட்டாவில் பல்லாண்டு கரடிகளை ஆராய்ந்த லின் ராஜர்ஸ், 1980-களில் ஈலி நகருக்கருகே காட்டில் தீனி வைத்ததால் வீடுகளை நாடிவரும் கரடிகள் குறைந்தன என்று 2011-இல் எழுதினார். அதே மாநில இயற்கைவளத் துறையின் டேவ் கார்ஷெலிஸ் அவரோடு உடன்படவில்லை. பசித்த கரடிதான் ஊருக்கு வரும் என்பது ஒரு பக்கம். ருசி கண்ட கரடி வரும் என்பது மறுபக்கம். காட்டின் நடுவே கிடைக்கும் உணவைக் கரடி வீட்டோடு சேர்த்து நினைக்கிறதா என்பது இடத்தையும் ஆண்டின் விளைச்சலையும் பொறுத்து மாறக்கூடியது. எதிர்ப்பாளர்கள் இதை முதல் ஆயுதமாக எடுப்பது அவர்கள் வழக்கைப் பலவீனப்படுத்துகிறது. ஆனால் அமெரிக்காவில் பல மாநிலங்களில் வீட்டுக்காரர் கரடிக்குத் தீனி வைத்தால் அபராதம். அதே தீனியை அனுமதியோடு வைத்தால் குற்றமில்லை. அலாஸ்காவின் விதித்தொகுப்பில் கரடிக்கு உணவிடும் தடையும் இரைக்கான விலக்கும் சேர்ந்தே இருக்கின்றன. கரடிக்கு அந்த விலக்கு தெரியாது.

வேட்டை நேர்மை என்ற அளவுகோலும் இங்கே எழுகிறது. 1902-இல் மிசிசிப்பியில் கட்டிப்போடப்பட்ட கரடியைச் சுட மறுத்த தியோடர் ரூஸ்வெல்ட்டை அமெரிக்கர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். குழந்தைகளின் டெடி பொம்மைக்குப் பெயர் வந்தது அதனால்தான். தீனி போட்டு வாத்து சுடுவதை மத்திய அரசு 1935-லேயே தடைசெய்தது. மானுக்கு இரை வைப்பதை மெய்னே இலையுதிர்காலம் முழுதும் தடுக்கிறது. வாத்துக்கும் மானுக்கும் கூடாதது கரடிக்கு மட்டும் ஏன் ஆகும் என்று கேட்பவர்களுக்கு, கரடி காண்பதற்கரியது என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை.

கருங்கரடிக்கு வைத்த இரை வேறு விலங்கையும் அழைக்கும். பழுப்புக் கரடி 1975 முதல் அலாஸ்காவுக்குக் கீழுள்ள மாநிலங்களில் அழிவு அச்சுறுத்தல் கொண்ட இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. 2007 செப்டம்பரில் ஐடஹோவில் பிட்டர்ரூட் மலைப்பகுதியில் இரைக்கு வந்த ஒரு பழுப்புக் கரடியை வேட்டைக்காரர் கருங்கரடி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். 1946-க்குப் பிறகு அந்தப் பகுதியில் உறுதிசெய்யப்பட்ட முதல் பழுப்புக் கரடி அதுதான். அறுபது ஆண்டு கழித்துத் திரும்பிய இனத்தின் முதல் செய்தியே சடலமாக வந்தது. இரை இடத்தில் நிதானமாகப் பார்த்துச் சுடலாம் என்ற வாதத்துக்கும் இது ஒரு பதில்.

தேசிய வனங்களில் இரை பற்றிய முடிவை மத்திய வனத்துறை 1995-இல் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அலாஸ்காவின் தேசியக் காப்பகங்களில், ஏறத்தாழ 2 கோடி ஏக்கர் நிலத்தில், வழக்கு வேறு மாதிரிப் போயிற்று. தேசியப் பூங்காத் துறை 2015-இல் அங்கே இரையைத் தடுத்தது, 2020-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது, விலக்கியது சட்டத்துக்கு முரண் என்று 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது, 2024-இல் மீண்டும் தடை வந்தது. அந்த 2024 விதி எடுத்துக்கொண்ட காரணம் கவனிக்கத்தக்கது. மனித உணவுக்குப் பழகும் கரடியால் பூங்காவுக்கு வருபவருக்கு நேரும் ஆபத்தையும், அத்தகைய கரடி பிறகு தற்காப்பின் பெயரால் கொல்லப்படுவதையும் அது முன்வைத்தது. பீப்பாயில் இருப்பது உணவு என்பதிலிருந்து அந்த விதி தொடங்கியது.